எழுத்து அட்டைகளோடு விளையாடட்டும் நம் பிள்ளைகள்



நம் பிள்ளைகள் நான்கு, ஐந்து வயதிலேயே மூன்று வகை எழுத்துகளைச் சந்திக்கிறார்கள். பகலில் பள்ளியில் தமிழும் ஆங்கிலமும், மாலையில் மக்தபில் அரபும். பென்சில் பிடிக்க விரல்கள் இன்னும் வலுப்பெறாத வயது அது. அப்போது "எழுது, எழுது" என்று நோட்டை நீட்டினால், பிள்ளைக்கு முதலில் வருவது எழுத்தல்ல, எழுத்தின் மேல் வெறுப்பு. முதல் வகுப்பில் எழுத்துக் கூட்டத் தடுமாறும் பிள்ளை, மூன்றாம் வகுப்பில் கணக்குப் புத்தகத்தின் கேள்வியைக்கூடப் படிக்க முடியாமல் நிற்கும். இதற்கு வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய வழிதான் எழுத்து அட்டைகள்.

எழுதும் முன்னே சொல் கூட்டலாம்

இத்தாலி நாட்டு மருத்துவர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில் குழந்தைகள் இல்லம் தொடங்கினார். எழுதத் தெரியாத பிள்ளையும், வெட்டி வைத்த எழுத்துகளை அடுக்கிச் சொற்களை உருவாக்கிவிடும் என்பதை அங்கே கண்டார். எழுத்துகளின் மேல் சொரசொரப்பான தாளை ஒட்டி, பிள்ளைகளை விரலால் தடவிப் பார்க்கவும் வைத்தார். 1939-ல் அவர் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலம் முழுவதும் இந்தியாவிலேயே தங்கினார்.

தமிழ்நாட்டில் 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றலிலும் அட்டைகளே முக்கியக் கருவியாக இருந்தன. மண்ணில் விரலால் எழுதிப் படித்த நம் திண்ணைப் பள்ளி முறையும் இதற்கு நெருங்கிய உறவுதான்.

செலவில்லாமல் செய்யும் முறை

வீட்டில் சேர்ந்துள்ள கல்யாணப் பத்திரிகைகள், பிஸ்கட் பெட்டி அட்டைகள் போதும். இரண்டு அங்குலச் சதுரங்களாக வெட்டி, ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதுங்கள். உயிரெழுத்துகளுக்கு ஒரு நிறம், மற்றவற்றுக்கு வேறு நிறம். அட்டையின் அடியில் ஒரு கோடு போட்டால், பிள்ளை தலைகீழாக வைக்காது.

தமிழில் 247 எழுத்துகள் என்று மலைக்க வேண்டாம். உயிரெழுத்து 12, க முதல் ன வரை 18, துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு சில. ம, ப, ட, த, க, ர ஆகியவற்றில் கூடுதலாக ஒவ்வொன்று. மெய்யெழுத்துக்குத் தனி அட்டை தேவையில்லை. எழுத்தின் மேல் ஒரு புளியங்கொட்டையை வைத்தால் அதுவே புள்ளி. கி, கு போன்றவை எழுத்தோடு ஒட்டி உருமாறுவதால், தேவைப்படும்போது தனியாக எழுதிக்கொள்ளலாம். நம் பிள்ளைகளின் பெயருக்கு ஜ, ஷ, ஸ, ஹ, ஃ ஆகியவையும் வேண்டும், மறந்துவிடாதீர்கள். எல்லாம் சேர்ந்து சுமார் 50 அட்டைகள்தான்.

சில எழுத்துகளின் மேல் பசை தடவி மணலைத் தூவிக் காயவைத்தால் தடவிப் பழகும் அட்டை தயார். இந்த வேலையைப் பிள்ளையிடமே கொடுங்கள். தன் கையால் செய்த எழுத்தை அது மறக்காது.

என்ன விளையாடலாம்?

முதலில் கோடுகளால் ஆன எளிய எழுத்துகள்: ட, ப, ம. "மானா" என்று பெயர் சொல்லாமல், "ம" என்று ஒலியை மட்டும் சொல்லுங்கள். இந்த மூன்றும் புள்ளியும் இருந்தாலே படம், மடம், பட்டம், மட்டம் என நான்கு சொற்கள் வந்துவிடும். ர சேர்ந்தால் மரம், பம்பரம்.

அடுத்து வீட்டு உறவுகள். அ, ம, ம, துணைக்கால். முதல் ம-வின் மேல் புள்ளி. இது அம்மா. இரண்டு ம-வையும் எடுத்துவிட்டு த வையுங்கள், அத்தா. க வைத்தால் அக்கா, ப வைத்தால் அப்பா. ஓர் ஒலி மாறினால் சொல்லே மாறுகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடும். வாசிப்பின் அடிப்படையே இதுதான்.

பிறகு பிள்ளையின் பெயர். அதை ஓர் அட்டையில் ஒட்டி, தன் பையை மாட்டும் இடத்தில் தொங்கவிடச் சொல்லுங்கள். அரிசி, உப்பு டப்பாக்களுக்கும் பெயர் ஒட்டச் சொல்லலாம்.

அரபுக்கும் ஆங்கிலத்துக்கும்

அரபின் 28 எழுத்துகளில் பா, தா, ஸா மூன்றுக்கும் உருவம் ஒன்றே. கீழே ஒரு புள்ளி, மேலே இரண்டு, மேலே மூன்று என்பதுதான் வேறுபாடு. ஒரே அட்டையில் பருப்பை இடம் மாற்றி வைத்து மூன்றையும் காட்டிவிடலாம். ஆனால் அரபு எழுத்துகள் சொல்லில் சேரும்போது வடிவம் மாறும் என்பதால், அட்டைகளை எழுத்தை அடையாளம் காண்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். உச்சரிப்பை உஸ்தாதிடமே கற்கட்டும்.

மூன்று மொழி அட்டைகளையும் தனித்தனி டப்பாவில் வையுங்கள். ஒரே நாளில் மூன்றையும் கலக்க வேண்டாம். அரபு வலமிருந்து இடம், தமிழும் ஆங்கிலமும் இடமிருந்து வலம். டப்பாவின் மூடியில் ஓர் அம்புக்குறி வரைந்தால் குழப்பம் குறையும்.

கவனிக்க வேண்டியவை

மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால் புளியங்கொட்டை, பருப்பு, பொத்தான் எதுவும் கைக்கு எட்டக்கூடாது; தொண்டையில் சிக்கிவிடும். பெரிய பிள்ளைகள் விளையாடும்போதும் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும்.

தினம் பத்து, பதினைந்து நிமிடம் போதும். பிள்ளை சலித்துக்கொண்டால் அத்துடன் நிறுத்துங்கள். தவறாக அடுக்கினால் திட்டாமல், அடுக்கியதை வாசித்துக் காட்டுங்கள். தவறு அதற்கே கேட்கும். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட வேண்டாம்.

"எனக்கே படிக்கத் தெரியாதே" என்று தயங்கும் தாய்மார்களும் இதைச் செய்யலாம். மூத்த பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். வெட்டுவதும் ஒட்டுவதும் உங்கள் பங்கு. இளைய பிள்ளையோடு நீங்களும் தரையில் உட்கார்ந்து அடுக்குங்கள். ஒரே டப்பா அட்டையில் இருவர் படிக்கலாம்.