கொழும்பின் பெயர், கன்பராவின் கணக்கு

வெள்ளவத்தையில் காலி வீதியை ஒட்டிய ஒழுங்கையொன்றில் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக இருக்கிறேன். பிறப்பத்தாட்சிப் பத்திரம், விவாகச் சான்றிதழ், காணி உறுதி என்று தமிழில் இருப்பவற்றை ஆங்கிலமாக்கி, கையொப்பமும் முத்திரையும் வைத்துக் கொடுப்பது தொழில். உயர்தரப் பெறுபேறு வந்ததும் ஒரு கூட்டம் வரும். பல்கலைக்கழக அனுமதிக்கான இசட் வெட்டுப்புள்ளி வந்ததும் இன்னொரு கூட்டம் வரும். இரண்டாவது கூட்டத்தில் தகப்பன்மார்தான் அதிகம்.

"அண்ணை, மூண்டு பாடமும் பாஸ். கம்பஸ்தான் கிடைக்கேல்லை. அவுஸ்திரேலியாவுக்குப் போடப்போறம், கெதியாச் செய்து தாங்கோ" என்று யாழ்ப்பாணத்துக் காணி உறுதியை நீட்டுவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து வருபவர்களின் கோப்பில் பெரும்பாலும் உறுதி இருக்காது. கட்டாரில் வேலை செய்யும் தம்பியின் சம்பளக் கடிதமும் மெலிந்த வங்கிக் கூற்றும் இருக்கும். "இது போதுமா அண்ணே?" என்று கேட்பார்கள். அதைச் சொல்லும் அதிகாரம் எனக்கில்லை.

கோப்பின் மேல் எழுதியிருக்கும் நாட்டின் பெயர் ஆண்டுக்கு ஆண்டு மாறும். பிள்ளைகளின் ஆசை அதற்குச் சிறு காரணம். பெரிய காரணம், அந்தந்த நாடுகள் உயர்கல்விக்கு வகுத்திருக்கும் தேசியத் திட்டம். 2030இற்குள் 6 இலட்சம் வெளிநாட்டு மாணவர்கள் வேண்டும் என்று பிரித்தானியா 2019இல் இலக்கு வைத்தது. 2020-21 கல்வியாண்டிலேயே அதை எட்டிவிட்டது. பிறகு குடிவரவு அரசியலானது. பெரும்பாலான மாணவர்கள் துணையையும் பிள்ளைகளையும் கூட்டிவர முடியாது என்று 2024 ஜனவரியில் விதி வந்தது. என் மேசைக்கு வரும் விவாகச் சான்றிதழ்கள் அதோடு குறைந்தன. அதே மாதம் கனடா மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு வைத்தது. கையிருப்பாகக் காட்டவேண்டிய தொகையையும் 10,000 டொலரிலிருந்து 20,635 ஆக்கியது. அவுஸ்திரேலியா மாணவர் விசாக் கட்டணத்தை 710 டொலரிலிருந்து 2024இல் 1,600 ஆகவும், 2025இல் 2,000 ஆகவும் உயர்த்தியது. அந்த நாடுகளுக்கு உயர்கல்வி ஓர் ஏற்றுமதித் தொழில். சந்தை பார்த்து மடையைத் திறப்பார்கள், மூடுவார்கள்.

இந்தத் தொழிலின் முன்கதையில் எங்கள் நகரத்தின் பெயர் இருக்கிறது. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். டி.எஸ். சேனநாயக்க அப்போது பிரதமர். நேருவும் பிரித்தானியாவின் பெவினும் அவுஸ்திரேலியாவின் பேர்சி ஸ்பெண்டரும் வந்திருந்தார்கள். நிதியமைச்சராக இருந்த ஜே.ஆர். ஜயவர்தனவும் ஸ்பெண்டரும் முன்வைத்த யோசனைகளிலிருந்து கொழும்புத் திட்டம் பிறந்தது. 1951 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. கொழும்புக் கூட்டத்துக்கு முந்தைய ஆண்டுதான் சீனாவில் மாவோ ஆட்சியைப் பிடித்திருந்தார். வறிய ஆசியா அந்தப் பக்கம் சாய்ந்துவிடக்கூடாது என்பது மேற்குலகின் கணக்கு. பொறியியலாளர்களும் மருத்துவர்களும் வேண்டும் என்பது புதிதாகச் சுதந்திரமடைந்த நாடுகளின் கணக்கு. வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற கொள்கை நடைமுறையில் இருந்த காலத்திலேயே ஆசிய மாணவர்கள் புலமைப்பரிசிலில் மெல்பேர்ணுக்கும் சிட்னிக்கும் போய் வகுப்பில் உட்கார்ந்தார்கள். சொந்த நாட்டு அரசு பெயர் கொடுத்தது. படித்து முடித்துத் திரும்ப வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. காணி உறுதியை யாரும் கேட்கவில்லை.

1980களின் நடுவில் கன்பரா கணக்கை மாற்றியது. வெளிநாட்டு மாணவர் முழுக் கட்டணமும் செலுத்திப் படிக்கலாம் என்று ஆக்கியது. உதவியாக இருந்தது வணிகமாயிற்று. 2014இல் தொடங்கிய புதிய கொழும்புத் திட்டம் வேறொரு நோக்கத்துக்கு. அவுஸ்திரேலிய இளைஞர்களை ஆசியாவுக்கு அனுப்பி அயலைப் பழக வைப்பது அது. ஒரே நாடு மூன்று காலங்களில் மூன்று நோக்கம் வைத்து, மூன்றையும் எழுதிவைத்துச் செய்திருக்கிறது.

மலேசியாவும் ஒரு காலத்தில் எங்களைப்போலப் பிள்ளைகளை அனுப்பிய நாடுதான். 1996இல் தனியார் உயர்கல்விக்குச் சட்டம் இயற்றியது. 1997இல் ரிங்கிட் விழுந்து வெளிநாட்டுச் செலவு தாங்கமுடியாமல் போனதும், மூன்று ஆண்டும் உள்ளூரிலேயே படித்து வெளிநாட்டுப் பட்டம் பெற வழி விட்டது. மொனாஷ் 1998இலும் நொட்டிங்காம் 2000இலும் அங்கே வளாகம் திறந்தன. பிறகு 2025இற்குள் இரண்டரை இலட்சம் வெளிநாட்டு மாணவர் என்று இலக்கே வைத்தது. இந்தியா 2023இல் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு விதிமுறை வகுத்தது. அதே ஆண்டு சென்னை ஐ.ஐ.டி. சான்சிபாரில் வளாகம் தொடங்கியது.

இலங்கையில் வெளிநாட்டுப் பட்டம் புதிதல்ல. 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாகும்வரை இலண்டனின் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் மாணவர்களைத் தயார்செய்தது. இன்று வெள்ளவத்தை இராமகிருஷ்ண வீதியில், 1990இல் தொடங்கிய இன்போமற்றிக்ஸ் இன்ஸ்டிடியூட் ஒவ் டெக்னோலஜியில் வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழகப் பட்டம் படிக்கலாம். அவுஸ்திரேலியாவின் எடித் கோவன் பல்கலைக்கழகம் 2023இல் கொழும்பில் வளாகம் திறந்தது. 2010இன் மஹிந்த சிந்தனை, அறிவு மையம் உட்பட ஐந்து மையங்களாக நாட்டை ஆக்குவோம் என்றது. ஆனால் மாலபே தனியார் மருத்துவக் கல்லூரிக்கு எதிராக 2017இல் வீதிப் போராட்டம் வலுத்ததும் அதை மூடி, மாணவர்களைக் கொத்தலாவல பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் சேர்க்கவேண்டி வந்தது. இலவசக் கல்வியைக் காப்பாற்றும் போராட்டம் என்றார்கள். அதில் நியாயம் இருந்தது. கட்டணக் கல்வி எதற்கு, எந்த எல்லைக்குள் என்று அரசு முதலிலேயே சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளைகள் நடுவில் அகப்பட்டிருக்க மாட்டார்கள்.

பெரும்பாலான பாடநெறிகளில், அரச பல்கலைக்கழக இடங்களில் 40 வீதம் அகில இலங்கைத் தகுதிக்கு, 55 வீதம் மாவட்டத்துக்கு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியில் ஒற்றை அறையில் இருந்து படிக்கும் பிள்ளைக்கும் கொழும்பு மாவட்ட வெட்டுப்புள்ளிதான். தலைநகரின் பெரிய பாடசாலைகளோடு போட்டி. அதில் தவறினால் கட்டணப் படிப்புத்தான். 2022இல் டொலர் சில மாதங்களில் 200 ரூபாவிலிருந்து 360ஐ நெருங்கியபோது, முதலில் மூடப்பட்டவை அந்த வீட்டுக் கோப்புகள். உறுதி வைத்திருந்தவர்கள் இன்னொரு பரப்புக் காணியை விற்று அனுப்பினார்கள். ரிங்கிட் விழுந்தபோது மலேசிய அரசு வழி வகுத்தது. ரூபா விழுந்தபோது இங்கே வழி தேடியது ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாக.

எங்களுக்கும் எழுதிவைத்த திட்டம் வேண்டும். இங்கே வளாகம் திறக்கும் ஒவ்வொரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகமும், கட்டணம் கட்ட வழியில்லாத உயர்தர மாணவருக்கு இத்தனை இலவச இடம் தரவேண்டும் என்பதை அனுமதி நிபந்தனையாக வைக்கலாம். பேராதனையும் யாழ்ப்பாணமும், உள்ளூர்ப் பிள்ளையின் இடத்தைத் தொடாமல், மேலதிக இடங்களில் வெளிநாட்டு மாணவரைக் கட்டணத்துக்குச் சேர்க்கலாம். அந்த வருமானம் உள்ளூர்ப் புலமைப்பரிசிலுக்குப் போகட்டும். பணம் கட்டுமுன் பெற்றோர் செய்யவேண்டியதும் உண்டு: பட்டத்தையும் அதைத் தரும் நிறுவனத்தையும் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் விசாரியுங்கள், விசா விதியை ஏஜென்டின் வாயால் கேட்காமல் அந்த நாட்டு அரசின் அறிவித்தலில் பாருங்கள்.

1950இல் கொழும்பில் கூடியவர்கள் எல்லோரிடமும் ஒரு கணக்கு இருந்தது, இலங்கையிடமும். இன்று மற்றவர்களிடம் மட்டும் இருக்கிறது. எங்கள் பக்கத்துக் கணக்கை எழுதும்வரை, யார் படிக்கப் போவது என்பதைக் காணி உறுதியே தீர்மானிக்கும்.