புள்ளி பறந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்!

அந்நாளில் தோட்டத்துக் கோயிலுக்குப் பெயர்ப் பலகை வேண்டுமென்றால், பட்டணத்திலிருந்து பலகை எழுதுபவரை அழைத்து வருவார்கள். அவர் சுண்ணக்கட்டியால் கோடு போட்டு, எனாமல் சாயத்தைத் தொட்டுத் தொட்டு எழுதுவதை லயத்துப் பிள்ளைகள் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இன்றோ, அதே வேலையைச் சாப்பாட்டு மேசையில் வைத்தே செய்யும் சிறு இயந்திரங்கள் வந்துவிட்டன. வீட்டிலிருந்தபடியே நாலு காசு பார்க்கலாமே என்று நம் இல்லத்தரசிகளும் இளைஞர்களும் ஆவல் கொள்வது இயல்புதான். ஆனால், கடன் வாங்கி இயந்திரத்தை வாங்குமுன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

கிரிக்கட், சில்லூவெட் என்ற பெயர்களில் விற்கும் வீட்டு இயந்திரங்களில் பல, 12 அங்குல அகலமுள்ள தாளை ஏற்பவை. கணினியில் நாம் அமைத்த எழுத்தின் ஓரத்தைச் சிறு கத்தியொன்று சுற்றி வெட்டுகிறது. வினைல் என்பது பின்புறம் பசையுள்ள மெல்லிய பிளாஸ்டிக் தாள். வழவழப்பான அடித்தாள் ஒன்றில் அது ஒட்டியிருக்கும். கத்தி வினைலை அறுக்க வேண்டும். அடித்தாளை அறுக்கக் கூடாது. பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பட்டையைச் சீவ வேண்டும், மரத்தில் காயம் படக் கூடாது, அதே கணக்குத்தான். ஒவ்வொரு புதுச் சுருளிலும் ஓர் ஓரத்தில் சிறு சதுரம் வெட்டிப் பாருங்கள். அடித்தாளில் நகம் கீறியதுபோல் இலேசான கோடு மட்டும் விழுந்தால் அழுத்தம் சரி.

வெட்டியபின் எழுத்தைச் சுற்றியுள்ள வேண்டாத வினைலை உரித்தெடுக்க வேண்டும். ஆங்கிலத்தில் இதை ‘வீடிங்’ என்பார்கள். நம் தோட்டத்து மொழியில் களையெடுப்பு! தமிழ் எழுத்துகளுக்குச் சோதனை வருவது இங்கேதான். நான் முதன்முதலில் செய்தது உறவினர் வேனுக்கு ‘முத்துமாரியம்மன் துணை’ என்ற வாசகம். எழுத்தின் உயரம் 2 சென்டிமீட்டர்கூட இல்லை. களையெடுத்தபோது வேண்டாத வினைலோடு இரண்டு புள்ளிகளும் சேர்ந்து போய்விட்டன. எனக்குத் தெரியவில்லை. ஒட்டி முடித்த பிறகு அத்தை வந்து, “என்னப்பா இது, முததுமாரியமமன்?” என்றார். அந்த இரண்டு புள்ளிகளையும் பேனாவால் வைத்துக் கொடுத்தேன். காசு வாங்க மனம் வரவில்லை.

ஆகவே, புதியவர்கள் 5 சென்டிமீட்டருக்குக் குறையாத எழுத்தில் தொடங்குவது நல்லது. சில எழுத்துருக்களில் புள்ளி சிறு வளையமாக இருக்கும், அது கிழிந்துவிடும். நிரம்பிய, சற்றே பெரிய புள்ளியுள்ள எழுத்துருவைத் தேர்ந்தெடுங்கள். உரிக்கும்போது வினைலை மேலே தூக்காமல், தாளோடு படிந்தாற்போல் மெதுவாகப் பின்னோக்கி இழுங்கள். புள்ளி கிளம்பினால் ஊசிமுனையால் அமுக்கிக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லையும் உண்டு. வெட்டும் மென்பொருள் சிலவற்றில் ‘கொ’, ‘கோ’ போன்றவற்றின் கொம்பு இடம் மாறிவிடும். இன்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் எழுதி, எழுத்துகளை வரைகோடுகளாக மாற்றி, ஒன்றன்மேல் ஒன்று ஏறியுள்ள பகுதிகளை இணைத்துவிட்டு, பிறகு இயந்திரத்துக்கு அனுப்புங்கள். இணைக்காவிட்டால் ‘கி’யின் மேல் வளைவு தனித் துண்டாக வெட்டுப்படக்கூடும்.

வாகனத்துக்கும் வெளிப்பலகைக்கும் நிரந்தரப் பசையுள்ள வினைல் வேண்டும். ஓராக்கல் வகையில் 651 அப்படிப்பட்டது. 631 வீட்டுச் சுவருக்கு ஒட்டி எடுக்கத் தக்கது. இரண்டாவதை வேனில் ஒட்டினால் வாடிக்கையாளர் திரும்பி வருவார், சண்டைக்கு!

எழுத்துப் பொறிக்கும் லேசர் இயந்திரமும் வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை. வினைல் பெரும்பாலும் பி.வி.சி. பிளாஸ்டிக். அதை லேசரில் வெட்டவே கூடாது. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு கிளம்பும். கண்ணையும் நுரையீரலையும் அரிக்கும், இயந்திரத்தையும் துருப்பிடிக்க வைக்கும். பாலை உறையவைக்கும் ஃபார்மிக் அமிலத்தின் நெடி அறிந்த நம்மவர்கள், இது அதைவிடக் கடுமையான அமிலம் என்று மனத்தில் கொள்ள வேண்டும். லேசரை மரத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அதற்கேற்ற கண்ணாடியும், புகை வெளியேற வழியும் கட்டாயம் தேவை.

கடைப் பலகை செய்ய யாராவது கேட்டால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். மலேசியாவில் அதற்கு ஊராட்சி மன்ற உரிமம் வேண்டும். தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும். வாசகத்தை டேவான் பஹாசா டான் புஸ்தாகா சரிபார்க்கும். தமிழையும் சேர்க்கலாம், ஆனால் அனுமதி வந்த பிறகே வெட்டத் தொடங்குங்கள். வினைல் வீணானால் செலவு நம் தலையில்.

இயந்திரம் இல்லாமலும் பழகலாம். ஒரு துண்டு வினைல், ஒரு பேனாக்கத்தி, பிள்ளையின் பள்ளித் தண்ணீர்ப் போத்தல் போதும். ஒட்டுமிடத்தைத் துடைத்துக் காயவிட்டுப் பெயரை ஒட்டுங்கள். ‘ஸ்ரீ’யில் தொடங்கும் பெயரை மட்டும் பிறகு வைத்துக்கொள்ளுங்கள், அதன் வளைவுகளைக் களையெடுப்பதற்குள் உலையில் சோறு வெந்துவிடும்.