லோடு ஏத்தினா லைட்டும் ஏறும்

நெகமம் பக்கத்துல எங்க தோட்டம். வாரம் மூணு நாள் விடியக்காலம் 4 மணிக்கு பிக்கப் கிளம்பும். எங்க ஊர் உழவர்கள் ஆறு பேர் காய், வாழைத்தார் எல்லாம் ஒரே வண்டியில் ஏத்தி, வடசித்தூர், செட்டிபாளையம் வழியா சிங்காநல்லூர் உழவர் சந்தைக்குப் போகிறோம். வண்டி என்னுது, ஓட்டுறதும் நான்தான்.

போன மார்கழியில் ஒரு நாள், சந்தை முடிச்சு வந்து திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்துத் தோட்டத்துத் தம்பி முழங்கையில் கட்டோட வந்தார். தினமும் சொசைட்டிக்கு மொபெட்டில் பால் கொண்டுபோகிறவர்.

"ஏனுங்ணா, எதுக்க வண்டி வந்தா டிம் போட மாட்டீங்களா? கண்ணே தெரியிலீங்க. வண்டிய ஓரத்துப் பள்ளத்துல உட்டுட்டனுங்க. ரெண்டு கேன் பாலும் போச்சு."

"தம்பி, நான் டிம்லதானே வந்தேன்!"

அவரும் பொய் சொல்லவில்லை, நானும் பொய் சொல்லவில்லை. அப்புறம் எங்கே தப்பு?

பாலுக்குக் காசு கொடுத்தேன். முழங்கைக்கு என்ன கொடுக்க முடியும்? வங்கியில் இருந்த காலத்தில் எத்தனையோ வண்டிக் கடன் கொடுத்திருக்கிறேன். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், பர்மிட் எல்லாம் பார்ப்பேன். விளக்கு எந்த உயரத்தில் அடிக்கிறது என்று ஒரு வண்டியிலும் பார்த்ததில்லை. சரி, இப்பவாவது கணக்குப் போடுவோம் என்று டேப்பை எடுத்துக்கிட்டு களத்துக்குப் போனேன்.

கணக்கு இதுதான்

தரையிலிருந்து என் வண்டி ஹெட்லைட்டின் நடு 85 செ.மீ. உயரம். டிம் வெளிச்சம் 10 மீட்டர் தூரத்துக்கு 10 செ.மீ. வீதம் சரிந்து இறங்க வேண்டும். அப்படி இருந்தால் அதன் மேல்விளிம்பு 85 மீட்டர் தள்ளித் தரையைத் தொடும். எதிரில் வருகிறவர் கண்ணுக்கு ஏறாது.

முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே என் வண்டியில் சுமார் 3 மீட்டர். ஒரு டன் ஏற்றினால் பட்டை அமுங்கி, முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் 5 செ.மீ. கூடுதலாக இறங்குகிறது. மூக்கு தூக்கிக்கொள்கிறது. 10 மீட்டருக்கு 10 செ.மீ. இறங்க வேண்டிய வெளிச்சம், இப்போது 10 மீட்டருக்கு 6, 7 செ.மீ. ஏறுகிறது. 50 மீட்டர் தூரத்தில் அது 118 செ.மீ. உயரம்: எதிரே வரும் கார்க்காரர் கண். 80 மீட்டரில் 138 செ.மீ.: மொபெட்காரர் கண். டிம் போட்டும் பிரைட் போட்ட மாதிரிதான். 5 செ.மீ. பட்டை இறங்கியதற்கு ஒருத்தர் பள்ளத்தில் விழுந்தார்.

காலி வண்டியில் வைத்த லைட், லோடு வண்டிக்கு ஆகாது. நாம் இருட்டில் ஓட்டுவதெல்லாம் லோடோடதான். திரும்பி வரும்போது வெயில் வந்துவிடும். ஆகவே லோடு ஏற்றிய பிறகே லைட்டைச் சரிசெய்ய வேண்டும்.

வீட்டிலேயே செய்யலாம்

கொப்பரை காயப்போடுகிற சிமென்ட் களமும், எதிரே ஒரு வெள்ளைச் சுவரும் போதும். களம் மட்டமா என்று கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் ட்யூப்பை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். வழக்கமான லோடை ஏற்றி, ஓட்டுநர் இருக்கையில் ஓர் ஆளை உட்கார வையுங்கள். பல்பு அதன் காடியில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கோணலாக இருந்தால் திருகைத் திருகிப் பயனில்லை.

வண்டியைச் சுவருக்கு ஒட்டி நேராக நிறுத்தி, இரண்டு விளக்கின் நடுவுக்கும் நேராகச் சுவரில் சாக்பீஸால் ஒவ்வொரு குத்துக்கோடு போடுங்கள். லோடோடு விளக்கின் நடு எவ்வளவு உயரம் என்று அளந்து, அந்த உயரத்தில் ஒரு படுக்கைக்கோடு. அதற்கு 10 செ.மீ. கீழே இன்னொரு கோடு. பிறகு வண்டியை நேர் பின்னால் 10 மீட்டர் எடுத்து நிறுத்துங்கள்.

இருட்டினதும் டிம் போடுங்கள். ஒரு விளக்கை அட்டையால் மறைத்து, மற்றதைப் பாருங்கள். அட்டையை ரொம்ப நேரம் வைக்காதீர்கள், சூடு ஏறும். சுவரில் வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு தெரியும். வலப்பக்கம் அது மட்டமாக இருக்கும். எதிரே வருகிறவர் அந்தப் பக்கம். குத்துக்கோட்டருகே தொடங்கி இடப்பக்கம் மேலே ஏறும். ரோட்டோரம் நடக்கிறவர் தெரிவதற்காக அப்படி. மட்டமான விளிம்பு கீழ்க்கோட்டில் உட்கார வேண்டும். விளக்குக்குப் பின்னால் இரண்டு திருகு இருக்கும்: ஒன்று மேல் கீழ், ஒன்று இடம் வலம். எந்தப் பக்கம் திருகினால் ஏறும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். கால் சுற்று திருகி, சுவரைப் பார்த்து, மறுபடி திருகுங்கள். எனக்கு இரண்டு விளக்குக்கும் சேர்த்து அரைமணி ஆனது.

சில வண்டிகளில் ஸ்டீயரிங் பக்கத்தில் 0, 1, 2, 3 என்று எண் போட்ட சின்னச் சக்கரம் இருக்கும். அது இதற்காகவே உள்ளது. அந்த வண்டியில் மட்டும் லோடு இல்லாமல், 0-வில் வைத்து லைட்டைச் சரிசெய்யுங்கள். விளிம்பு எவ்வளவு கீழே இருக்க வேண்டும் என்று விளக்கின் மேலேயே சதவீதத்தில் போட்டிருந்தால் அதை வையுங்கள். பிறகு லோடுக்குத் தக்கபடி சக்கரத்தைத் திருப்பினால் போதும்.

லோடோடு வைத்த லைட், காலி வண்டியில் தாழ்ந்து, சுமார் 32 மீட்டர் வரைதான் காட்டும். எப்போதாவது ராத்திரி காலியாக வர நேர்ந்தால் 40 கி.மீ. வேகத்துக்கு மேல் போகாதீர்கள். இன்னொன்று: வெளிச்சம் போதவில்லை என்று ஹாலஜன் விளக்குக்குள் எல்.இ.டி. பல்பை மாட்டாதீர்கள். இழை இருக்க வேண்டிய இடத்தில் ஒளி இல்லாவிட்டால் விளிம்பு கலைந்து நாலாபக்கமும் சிதறும். கண்ணாடி மஞ்சளேறியிருந்தால் அதைத் தேய்த்துச் சுத்தம் செய்வதே நல்லது.

வேலை முடிந்ததும் தம்பியைக் கூப்பிட்டு, தோட்டத்து வண்டித்தடத்தில் 80 மீட்டர் தள்ளி மொபெட்டில் உட்காரச் சொல்லி டிம் போட்டேன்.

"இப்ப எப்படித் தம்பி?"

"தடம் தெரியுதுங்ணா."

மறுநாள் சந்தைக்குப் போகிற மற்ற இரண்டு வண்டிக்காரர்களையும் களத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். சுவரில் போட்ட கோட்டை இன்னும் அழிக்கவில்லை.