பதினெட்டு வளைவுக்கு மேலே ஒரு மூக்கு

கல்முனையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் ஏறியிருக்கிறீர்களா? மகாஓயா, பதியத்தலாவ, மஹியங்கனை என்று வெக்கையில் ஓடிவரும் பஸ், ஹஸலக்கவைத் தாண்டியதும் பதினெட்டு வளைவில் முனகி முனகி ஏறும். சிலருக்குத் தலை சுற்றும், சிலருக்கு வாந்தி வரும். ஜன்னலோரம் இருக்கிற பிள்ளைக்கு மட்டும் காற்று குளிர்வது முதலில் தெரியும். ஆயிரம் மீற்றர் ஏறினால் ஏறக்குறைய 6 பாகை செல்சியஸ் குறையும். கல்முனைக்குப் பக்கத்திலுள்ள மருதமுனைக் கடற்கரையில் 30 பாகை என்றால், 1200 மீற்றர் உயரத்தில் சுமார் 23 பாகைதான்.

நமக்கு ஒரு சுவெட்டர் போதும். ஊர்வனவுக்கு அது போதாது. பாம்பும் ஓணானும் நம்மைப் போல உடம்புக்குள்ளேயே சூட்டை உண்டாக்கி வைத்திருப்பதில்லை. வெயிலிலிருந்தும் சூடான கல்லிலிருந்தும்தான் வாங்கிக்கொள்ளும். நம் வேலி ஓணான் காலையில் வெயில் காய்வது அதற்குத்தான். (ஆண் ஓணானின் தலை சிவந்தால் “ரத்தம் உறிஞ்சுது” என்று கல்லெறிகிறோமே, அது இனப்பெருக்கக் காலத்து நிறம். யாருடைய ரத்தமும் அதில் இல்லை.)

அப்படியென்றால் வெயில் குறைந்த, ஈரம் சொட்டும் மலைக்காட்டில் யார் வாழ்கிறார்கள்? போய்ப் பார்ப்போம்.

சுபஹ் தொழுதுவிட்டுப் புறப்படுங்கள். வாப்பாவோ மாமாவோ கூட வரவேண்டும். ஹுன்னஸ்கிரியவிலிருந்து மீமுரே கிராமத்துக்குப் போகும் பாதை நக்கிள்ஸ் மலைக்குள் நுழைகிறது. 2010இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக அறிவித்த மத்திய மலைநாட்டில் இதுவும் ஒரு பகுதி. காட்டுக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அந்த ஊரை அறிந்த வழிகாட்டியும் வேண்டும். நீண்ட காற்சட்டையும் சப்பாத்தும் போடுங்கள். அட்டை ஏறத்தான் செய்யும். அதற்காகக் கூச்சல் போட்டால் நாம் தேடி வந்தவர் மரத்துக்குப் பின்னால் போய்விடுவார்.

கீழே ஏலச்செடி மண்டிய நிழலில், தலை உயரத்துக்குக் கீழே உள்ள தண்டுகளையும் மரத்தையும் மெதுவாகப் பாருங்கள். ஒரு தண்டின் முனையில் சின்ன இலை ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இலைக்குப் பின்னால் ஒரு கண் இருந்தால் அது இலையல்ல, மூக்கு! அதுதான் இலைமூக்கு ஓணான். மூக்கின் நுனியில் தட்டையான, மெத்தென்ற சதை. 1861இல் இதை உலகுக்கு அறிவித்தபோது, முன்பு இலங்கையில் குடியேற்றச் செயலாளராக இருந்த ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட்டின் பெயரை இதற்கு வைத்தார்கள். நம் வேலி ஓணானைப் போல இது பாய்ந்து ஓடாது. அசையாமல் இருப்பதுதான் இதன் தற்காப்பு. அந்த மூக்கு எதற்கு என்று ஆராய்ச்சியாளர்களே இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. பெரியவரானதும் நீங்கள் கண்டுபிடியுங்களேன்.

இதே குடும்பத்து உறவுக்காரர் ஒருவர் நுவரெலியாப் பக்கம், ஹக்கல தாவரவியல் பூங்காவில்கூட இருக்கிறார். அவருக்கு இலை இல்லை. காண்டாமிருகத்துக்கு இருப்பதுபோல் கூரான கொம்பு. நக்கிள்ஸில் அவர் இல்லை, ஹக்கலவில் இலைமூக்கர் இல்லை. ஏன்? இரண்டு மலைக்கும் நடுவே மகாவலிப் பள்ளத்தாக்கு கிடக்கிறது. குளிருக்குப் பழகிய ஓணானால் அந்த வெக்கையில் இறங்கி அடுத்த மலைக்கு ஏற முடியாது. ஒரே மூதாதையின் பிள்ளைகள் வெவ்வேறு மலையில் அடைபட்டு, மிக நீண்ட காலத்தில் வெவ்வேறு மூக்குள்ளவர்களாகிவிட்டார்கள். கடல்தான் தீவை உண்டாக்கும் என்று நினைத்திருப்போம். சூடும் உண்டாக்கும்!

இரண்டு மலையிலும் குள்ள ஓணான்களும் உண்டு. வாலால் கொப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு ஆமை வேகத்தில் நகரும். நக்கிள்ஸில் உள்ளது தனி இனம் என்று 2006இல்தான் தெரியவந்தது. இவை முட்டையிடுவதில்லை, குட்டி போடும். குளிர்ந்த மண்ணில் முட்டை பொரிப்பது கடினம். தாய் வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு வெயில் விழும் இடமாகப் பார்த்து நகர்ந்தால் குஞ்சுக்குச் சூடு கிடைக்கும். குளிர்நாட்டு ஊர்வன பல குட்டி போடுவதற்கு விஞ்ஞானிகள் சொல்லும் காரணம் இது.

பாம்பு? பகலில் காண்பது அதிர்ஷ்டம். பச்சை விரியன் இலைகளுக்கு நடுவே சுருண்டு கிடந்தால், பக்கத்தில் நின்றாலும் தெரியாது. அதன் கண்ணுக்கும் மூக்குத் துவாரத்துக்கும் இடையே ஒரு சின்னக் குழி இருக்கிறது. எலியின் உடம்புச் சூட்டை இருட்டிலும் அதன் மூலம் உணர்ந்துவிடும். தரையில் சருகு நிறத்தில் கிடக்கும் கோப்பி விரியனுக்கும் அதே குழி உண்டு. இலங்கையின் விஷப்பாம்புகளில் அதிகம் பேரைக் கடிப்பது அதுதான். ஆகவே சருகுக்குள் கை விடாதீர்கள், மரக்கட்டையைப் புரட்டாதீர்கள். தப்பித்தவறிக் கடித்தால் கட்டவும் வேண்டாம், கீறவும் வேண்டாம். கடிபட்ட காலை ஆட்டாமல் வைத்துக்கொண்டு 1990க்கு அழையுங்கள். அது இலவச அம்பியுலன்ஸ்.

இலைமூக்கரைக் கண்டால் ஃபோனில் படம் எடுங்கள், தொடாதீர்கள். படத்தை வெளியே போட்டாலும் எந்த இடம், எந்த மரம் என்று எழுதாதீர்கள், ஃபோனின் இட அடையாளத்தையும் அணைத்துவிடுங்கள். இந்த ஓணான்களைத் திருடி வெளிநாட்டில் செல்லப்பிராணியாக விற்கிற ஆட்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இலைமூக்கு ஓணானையும் குள்ள ஓணான்களையும் நாடுகளுக்கிடையே விற்பதை 2019இல் ஜெனீவாவில் கூடிய, அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் மாநாடு தடை செய்தது.