கப்பல் தளத்தில் ஒரு குழந்தைகள் மாளிகை!

அது 1943-ம் ஆண்டு. இரண்டாவது உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம்.

அமெரிக்காவில் ஏராளமான ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். கப்பல் கட்ட ஆள் போதவில்லை. ஆகவே, பெண்களை வேலைக்கு அழைத்தார்கள்.

ஓரிகன் மாநிலத்தில் போர்ட்லண்டு என்று ஒரு நகரம். அங்கே கெய்சர் கம்பெனியின் கப்பல் கட்டும் தளங்களில் ஆயிரக்கணக்கான பெண்கள் சேர்ந்தார்கள். இரும்புத் தகடுகளைப் பற்றவைத்தார்கள்.

வேலை கிடைத்தது, நல்ல சம்பளமும் கிடைத்தது. ஆனால், வீட்டில் இருக்கும் சின்னக் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது?

ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் இதில் அக்கறை காட்டினார். 1943 நவம்பரில், தளத்தின் வாசலிலேயே குழந்தைக் காப்பகங்கள் திறக்கப்பட்டன. மொத்தம் இரண்டு.

சக்கரம் போன்ற கட்டிடம்

கட்டிடம் வண்டிச் சக்கரம்போல இருந்தது. நடுவில் விளையாட்டுத் திடல். சுற்றிலும் 15 அறைகள். 18 மாதக் குழந்தை முதல் 6 வயதுப் பிள்ளை வரை சேர்த்துக்கொண்டார்கள். பயிற்சி பெற்ற ஆசிரியைகள் கவனித்துக்கொண்டார்கள்.

தளத்தில் இரவிலும் வேலை நடந்தது. அதனால் காப்பகமும் இரவு பகலாகத் திறந்திருந்தது. வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் விடுமுறை. அது கிறிஸ்துமஸ்!

குழந்தைக்கு லேசான காய்ச்சலா? அதற்குத் தனி அறை, நர்சு உண்டு.

வேலை முடிந்து போய் அடுப்பு மூட்ட வேண்டுமே என்ற கவலையும் இல்லை. முன்பே சொல்லிப் பணம் கட்டினால் போதும். குழந்தையை அழைத்துப் போகும்போது, சமைத்த சாப்பாட்டையும் கையோடு வாங்கிப் போகலாம்!

பெற்றோர் கொடுத்தது சிறு கட்டணம்தான். மீதிச் செலவு கப்பலின் விலையில் சேர்ந்தது. அதாவது, அரசாங்கம் கொடுத்தது.

மூடிவிட்டார்கள்

சுமார் இரண்டு ஆண்டுகளில் 3,811 குழந்தைகள் அங்கே வந்து போனார்கள்.

1945-ல் போர் முடிந்தது. காப்பகங்களையும் மூடிவிட்டார்கள்.

நாட்டின் மற்ற ஊர்களில் அரசாங்கப் பணத்தில் நடந்த காப்பகங்களுக்கும் 1946-ல் உதவி நின்றது. தாய்மார்கள் மனுப் போட்டார்கள்; ஊர்வலம் போனார்கள். கலிபோர்னியா மாநிலம் தன் செலவில் தொடர்ந்து நடத்தியது. பல ஊர்களில் கதவு சாத்தப்பட்டது.

1971-ல் நாடு முழுவதும் காப்பகம் அமைக்க அமெரிக்கப் பாராளுமன்றம் மசோதா நிறைவேற்றியது. ஜனாதிபதி நிக்சன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

போர் நின்றதும் எல்லாப் பெண்களும் வேலையை விட்டுவிட முடிந்ததா? கணவனைப் போரில் பறிகொடுத்தவள் என்ன செய்வாள்? அவள் உழைத்தால்தானே வீட்டில் அடுப்பு எரியும்!

மனம் இருந்தால் மார்க்கம் உண்டு என்பார்கள். கப்பல் தேவைப்பட்டபோது அந்த மனம் இருந்தது.