பணம் திரும்பாத டிக்கெட்

தாராவியில் தோல் வேலை செய்யும் பெரியவர் ஒருவர் என் கவுண்ட்டருக்கு வந்தார். நெல்லைப் பக்கத்துக்காரர். பொங்கலுக்கு ஊர் போக, அரைநாள் கூலியை விட்டு வரிசையில் நின்று டிக்கெட் வாங்கியவர். வெயிட்டிங் லிஸ்ட். கடைசிவரை இடம் கிடைக்கவில்லை. மறுநாள்தான் பணம் கேட்டு வருகிறார்.

"நேரம் கடந்துவிட்டது அண்ணாச்சி. இனி பணம் கிடையாது" என்றேன்.

"என் மருமகனும் அதே ரெயிலுக்கு செல்போனில் டிக்கெட் போட்டான். அவனுக்கும் இடம் இல்லை. ஆனால் பணம் தானாக வந்துவிட்டதே, தம்பி?"

என்னிடம் பதில் இல்லை.

விதி என்ன?

இடம் கிடைக்காத இன்டர்நெட் டிக்கெட், சார்ட் போட்டதும் தானே ரத்தாகிவிடும். சிறு பிடித்தம் போக, பணம் பாங்குக்குப் போய்விடும். கவுண்ட்டர் டிக்கெட்டை நாம்தான் ரத்து செய்யவேண்டும். அதுவும் ரெயில் புறப்பட அரைமணி நேரத்துக்கு முன்பே. தவறினால் பணம் போயிற்று.

கம்ப்யூட்டரை நான் குறை சொல்லவில்லை. லெட்ஜரைப் புரட்டிய காலத்தை அது மாற்றியது. 2002-ல் இன்டர்நெட் டிக்கெட்டும் வந்தது. ஆனால் இருவருக்கும் இடம் இல்லை என்பது அதே கம்ப்யூட்டருக்குத் தெரியும். ஒருவருக்குப் பணம் தருகிறது. கூலியை இழந்து வரிசையில் நின்றவருக்கு டிக்கெட் பணமும் நஷ்டம். இது நியாயமா?

விதி மாறும்வரை நாம் உஷாராக இருப்போம். முன்பதிவு படிவத்தில் உங்கள் சொந்த செல்போன் எண்ணையே எழுதுங்கள். இடம் இல்லை என்றால், அரைமணிக்கு முன்பே 139-க்கு போன் செய்து ரத்து செய்யலாம். பிறகு கவுண்ட்டரில் டிக்கெட்டைக் கொடுத்துப் பணத்தை வாங்கிக்கொள்ளலாம்.