28 நாள் ரீசார்ஜுக்கு 'மாதந்தோறும்' ரிமைண்டர் வைக்கிறீங்களா? காலண்டரை இப்படி செட் பண்ணுங்க!

ஜனவரி 1-ம் தேதி 28 நாள் பேக் போடுறீங்க. அது ஜனவரி 28-ம் தேதியோடு முடிஞ்சிடும். ஆனால், 'மாதந்தோறும்' என்று நீங்கள் வைத்த ரிமைண்டர் மணியடிப்பது பிப்ரவரி 1-ல். நடுவில் டேட்டா கட், டீக்கடையில் யு.பி.ஐ-யும் ஓப்பன் ஆகாது. தப்பு போனில் இல்லை, நாம் கொடுத்த கணக்கில்தான்.

நம் வேலைகள் எல்லாம் ஒரே மாதிரி திரும்ப வருவதில்லை. அதை நான்காகப் பிரித்துக்கொண்டால் போதும்.

1. நாள் கணக்கு

28 நாள் ரீசார்ஜ் வருஷத்துக்கு 12 முறை இல்லை, 13 முறை வரும். கூகுள் காலண்டரில் பிளஸ் பட்டனைத் தட்டி 'ஈவென்ட்' எடுங்கள். பேக் முடியும் தேதியைக் கொடுத்து, 'டஸ் நாட் ரிப்பீட்' என்ற இடத்தில் 'கஸ்டம்' போய், 28 நாளுக்கு ஒருமுறை என மாற்றுங்கள். ஒருநாள் முன்பே நோட்டிஃபிகேஷன் வரும்படி வைத்தால் டென்ஷன் இல்லை.

2. தேதிக் கணக்கு

வாடகை, இ.எம்.ஐ எல்லாம் இந்த வகை. இ.எம்.ஐ-க்கு 'எண்ட்ஸ்' பகுதியில் எத்தனை தவணை என்று கொடுத்துவிட்டால், கடன் முடிந்ததும் ரிமைண்டரும் தானாக நின்றுவிடும். ஒரு எச்சரிக்கை: 31-ம் தேதியை மட்டும் தேர்வு செய்யாதீர்கள். 31 இல்லாத ஐந்து மாதங்களை காலண்டர் சத்தமில்லாமல் தாண்டிப்போய்விடும். கிரெடிட் கார்டு பில்லில் இப்படி நடந்தால் லேட் ஃபீஸ்தான். 28-ம் தேதியோ அதற்கு முன்போ வைப்பது சேஃப். நம் ஊர் கரன்ட் பில்லுக்கு 'இரண்டு மாதத்துக்கு ஒருமுறை'.

3. கிழமைக் கணக்கு

இரண்டாவது சனிக்கிழமை பேங்க் லீவு. தேதி மாறும், கிழமை மாறாது. ஒரு இரண்டாவது சனிக்கிழமையில் ஈவென்ட் போட்டு, 'கஸ்டம்'-ல் மாதம் என்று தேர்ந்தெடுத்தால், 'ஒவ்வொரு மாதமும் இரண்டாவது சனி' என்ற ஆப்ஷன் வரும்.

4. 'கடைசியா எப்போ?' கணக்கு

ரத்த தானம் இதற்கு நல்ல உதாரணம். ஆண்கள் 90 நாள், பெண்கள் 120 நாள் இடைவெளி விடணும். ஒருமுறை தள்ளிப்போனால் அடுத்ததும் தள்ளிப்போகும். அதனால் ரிப்பீட் வேண்டாம். கொடுத்துவிட்டு வந்த அன்றே அடுத்த தேதியை ஒற்றை ஈவென்ட்டாகப் போடுங்கள். பைக் ஆயில் சர்வீஸுக்கும் இதே ஃபார்முலா.

அமாவாசை, பிரதோஷம்? சந்திரனின் சுற்று சுமார் 29.5 நாள் என்பதால் எந்த ரிப்பீட்டுக்கும் பிடிபடாது. வீட்டு காலண்டரைப் பார்த்து வருஷத்துக்கு ஒருமுறை தனித்தனியாக ஏற்றிவிடுவதுதான் வழி.

ரீசார்ஜ் இரண்டு நாள் லேட்டாகிவிட்டதா? ஈவென்ட்டைத் திறந்து தேதியை மாற்றி, சேவ் செய்யும்போது 'திஸ் அண்ட் ஃபாலோயிங் ஈவென்ட்ஸ்' கொடுங்கள். இனி வருவதெல்லாம் புதுக் கணக்கில் ஓடும். 'திஸ் ஈவென்ட்' மட்டும் கொடுத்தால், அடுத்த முறை பழைய தேதியிலேயே வந்து நிற்கும்.

இன்று ரீசார்ஜ் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். பத்து நிமிஷம்கூட ஆகாது மக்களே!